பிரவுணியின் மாத்திரைகள்

பசறைப் பக்கமிருந்து பதுளைக்குப் போகிற காலை பஸ்ஸில் சில நாள் ஜன்னலோரம் ஒரு இடம் காலியாக இருக்கும். வெளிப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் முழங்காலைக் கொஞ்சம் திருப்பினால் போதும், உள்ளே போய் உட்காரலாம். எங்கள் தோட்டத்து அக்கா ஒருவர் மட்டும் போகமாட்டார். "கொஞ்சம் வழி விடுங்க" என்று கேட்க அவருக்கு வாய் வராது. வளைவுக்கு வளைவு கம்பியோடு சேர்ந்து ஆடிக்கொண்டு பதுளை வரை நின்றே வருவார். நான் இருந்தால், "இங்க வாங்கக்கா" என்று கூப்பிடுவேன். கூப்பிட்டால் வந்து உட்காருவார், வாய் நிறையச் சிரிப்பார், பையிலிருந்து அவித்த கடலை எடுத்து என் கையில் கொட்டுவார். கொடுப்பதில் அவருக்குக் கூச்சம் இருந்ததே இல்லை. கேட்பதுதான் வராது.

எங்கள் தேயிலைத் தோட்டம் நமுனுகுல மலைச்சரிவில். அக்கா அங்கே பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொண்டார். தாய்மார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. வரிசையாகச் சீலைத் தொட்டில்கள் தொங்கும். எதில் அழுகை கிளம்பினாலும் திரும்பிப் பார்க்காமலே, இது பசியா, ஈரமா, சும்மா ஆளைக் கூப்பிடுகிறதா என்று சொல்லிவிடுவார். இடையில் பால் கொடுக்க ஓடிவருகிற தாய்மார் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் பிள்ளை மடியில் இருக்கும். அவருக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. தாய் தகப்பன் இல்லை. ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில் தனியாக இருந்தார். நான் அதே லயத்திலிருந்து பதுளையில் டெலிபோன் பேச ஆட்கள் வருகிற ஒரு கொம்யூனிகேஷன் கடைக்கு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன்.

ஒரு காற்றுக் காலத்தில் அவர் கூரைத் தகரம் ஒரு பக்கம் பெயர்ந்துகொண்டது. மற்ற வீட்டுக்காரர்கள் எல்லாம் தோட்டத்து ஒப்பீஸ் வாசலில் போய் நின்று சத்தம் போட்டார்கள். அக்கா போகவில்லை. ஏணி வைத்து ஏறி, இரண்டு கல்லைத் தூக்கித் தகரத்தின்மேல் வைத்துவிட்டு இறங்கினார். ஒழுகுகிற இடத்தில் சட்டி வைத்தார்.

"ஒப்பீசுல ஒரு வார்த்த சொல்லுங்களேன்க்கா" என்றேன்.

"சட்டி இருக்கே" என்றார்.

வீட்டில் உப்புத் தீர்ந்துபோனால் உப்பில்லாமல் சாப்பிடுகிற மனுசி. சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் வீட்டில் ஒரு போத்தல் நிறைய உப்பு இருக்கும்.

இப்படிப்பட்டவரிடம்தான் பிரவுணி வந்து சேர்ந்தது. அது தோட்டத்தை நடத்துகிற பெரிய துரையின் பங்களா நாய். கபில நிறத்தில், காது தொங்கி, ஒரு கன்றுக்குட்டி உயரம் இருக்கும். துரை மாற்றலாகிப் போனபோது அதைக் கொண்டுபோகவில்லை. அதற்கு வலிப்பு வர ஆரம்பித்திருந்தது. புதிதாக வந்தவர்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். நாயை எங்கேயாவது கொண்டுபோய் முடித்துவிடும்படி பங்களா காவல்காரரிடம் சொல்லியிருந்தார்கள். அவர் கயிற்றோடு அதை இழுத்துக்கொண்டு பிள்ளைக்காம்பரா வழியாகப் போகும்போது, வாசலிலேயே அது விழுந்து அடித்துக்கொண்டது. நுரை தள்ளியது. பிள்ளைகள் அலறினார்கள். அக்கா வந்து அதன் தலைக்குக் கீழே ஒரு தொட்டில் சீலையை மடித்து வைத்து, அடங்கும்வரை பக்கத்தில் குந்தியிருந்தார். அடங்கியதும் காவல்காரர் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டார். குடுங்க என்றுகூடக் கேட்கவில்லை. அந்த மனிதருக்கும் அது நிம்மதியாக இருந்திருக்கும், வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

லயக்காம்பராவில் பங்களா நாய். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அது அக்காவின் சோற்றைத் தின்றது, அவர் பாயின் பாதியைப் பிடித்தது. அவர் வேலை விட்டு வரும்போது லயத்து முனையில் போய் நின்று உடம்பு முழுக்க ஆட்டும். வலிப்பு மட்டும் விடவில்லை. மாதத்துக்கு ஒன்று என்று இருந்தது, வாரத்துக்கு ஒன்றானது. வலிப்பு முடிந்ததும் அதற்கு யாரையும் தெரியாது. சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கும். பிறகு அகோரப் பசி வரும். அக்கா சுவருக்கும் அதன் தலைக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருப்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

பதுளையில் தனியாக மிருக வைத்தியம் பார்க்கிற டொக்டர் ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அமைதியான மனிதர். அக்கா ஒரு ஆட்டோ பிடித்து நாயைக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன்.

"பிள்ளை, இதைக் குணமாக்க ஏலாது, அடக்கி வைக்கலாம்" என்றார் டொக்டர். "காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு. ஒரு நேரமும் விடக்கூடாது. திடீரெண்டு நிப்பாட்டினீங்களெண்டால் முன்னையிலும் மோசமா வரும், பிறகு காப்பாத்தக் கஷ்டம். விளங்குதோ?"

அக்கா தலையாட்டினார். டொக்டர் கண்ணாடி அலுமாரியிலிருந்து ஒரு போத்தலை எடுத்து வைத்து விலை சொன்னார். வெளிநாட்டு மருந்து. ஒரு மாதத்து மாத்திரை அக்காவின் சம்பளத்தில் பாதியை விழுங்கும். நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவர் சேலை முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மாத்திரை வேலை செய்தது. அதுதான் கஷ்டமாகிப் போனது. வேலை செய்யாமல் இருந்திருந்தால் விட்டிருக்கலாம். பிரவுணி மறுபடி ஓடியது, குதித்தது, கோழிகளை விரட்டியது. அக்காவின் காதிலிருந்த தோடு முதலில் போனது. பிறகு மத்தியானச் சாப்பாடு போனது. பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகள் மிச்சம் வைக்கிற கஞ்சியைக் குடித்துவிட்டு வேலை செய்கிறார் என்று என் அம்மா சொன்னார்.

"அந்த டொக்டர்கிட்ட ஒருக்கா கேட்டுப் பாருங்கக்கா, கொறைச்சுத் தருவாரு" என்று பஸ்ஸில் வைத்துச் சொன்னேன்.

"அவரு வெல சொல்லிட்டாரும்மா. சொன்ன பொறகு கேட்டா அது பிச்ச."

"பிச்ச இல்லக்கா. எல்லாரும் கேக்குறதுதான்."

வெளியே பார்த்தபடி, என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "எங்கம்மாவுக்கு முடியாமப் போனப்ப லொறி கேட்டுப் போனோம், ஆஸ்பத்திரி கொண்டு போக. கங்காணி காலப் புடிச்சோம், கிளார்க்கய்யா காலப் புடிச்சோம். நான் சின்னப் புள்ள, ஏன்னு தெரியாம நானும் விழுந்து புடிச்சேன். லொறி வந்துச்சு. அம்மா போன பொறகு வந்துச்சு." கடலைப் பையை என்னிடம் நீட்டினார். "சாப்புடு. சூடு ஆறிரும்."

அதன் பிறகு கேளுங்கள் என்று நான் சொல்லவில்லை.

எங்கள் கடையில் அப்போது இரண்டு கம்பியூட்டர் வந்து இன்டர்நெட் போட்டிருந்தார்கள். மணிக்கணக்குக்குக் காசு. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிறவர்கள் வந்து கடிதம் அனுப்புவார்கள். ஒரு சனிக்கிழமை அக்கா மருந்துப் போத்தலோடு வந்தார். அதன்மேல் ஒட்டியிருந்த பெயரைக் காட்டி, "இதுல எல்லாம் பாக்கலாமாமே" என்றார். முதலாளி கடையில் இல்லை. காசு வேண்டாம் என்றேன். மேசையில் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

பெயரை எழுத்து எழுத்தாக அடித்தேன். பக்கம் மேலிருந்து கீழாக மெதுவாக விரிந்தது. வெளிநாட்டில் மிருகங்களுக்கு மட்டுமே மருந்து விற்கிற கடை. அதே போத்தல், அதே நிறம், பக்கத்தில் சிரிக்கிற ஒரு நாய். விலையை ரூபாய்க்கு மாற்றிப் பார்த்தால் டொக்டரிடம் கொடுப்பதில் மூன்றில் ஒரு பங்குதான் வந்தது. அக்கா திரைக்கு மிகப் பக்கத்தில் குனிந்தார்.

"இந்த வெலைக்குக் குடுக்குறவங்க எங்க இருக்காங்க?"

"வெளிநாட்டுலக்கா. தபால்ல அனுப்புவாங்க."

"அப்ப அனுப்பச் சொல்லு."

கீழே படித்துக்கொண்டு போனேன். வங்கி அட்டை வேண்டும். வைத்தியர் எழுதிக் கொடுத்த சீட்டு வேண்டும். தபால் கூலி மருந்தைவிட அதிகம். இந்த வகை மருந்தை மற்ற நாடுகளுக்கு அனுப்புவதில்லை என்று கடைசியில் சின்ன எழுத்தில் இருந்தது. ஒவ்வொன்றாகச் சொன்னேன். அக்கா ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றார். எழுந்து போகிற மாதிரித் தெரியவில்லை. அந்த விலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்திருக்கிற பொருளைப் பார்ப்பதுபோல.

இன்னொரு பக்கத்தைத் திறந்தேன். "இது மனுசருக்கும் குடுக்குற மருந்துதானாம்க்கா. வலிப்புக்காரங்களுக்கு."

"மனுசருக்கா?"

"ஆமா. அதே மருந்து. கம்பனிதான் வேற."

அன்றைக்கே அக்கா பதுளை டவுனில் மூன்று பார்மசியில் ஏறி இறங்கியிருக்கிறார். டொக்டர் எழுதிய துண்டு இல்லாமல் இந்த மாத்திரை தரமாட்டோம் என்று எல்லா இடத்திலும் சொல்லிவிட்டார்கள். ஒரு இடத்தில், யாருக்கு என்று கேட்டார்களாம். "எனக்குத்தான்" என்று சொன்னதாக என்னிடம் பஸ்ஸில் சொன்னார். சொல்லிவிட்டுத் தனக்குள் ஏதோ யோசித்தபடி வந்தார்.

சில நாள் கழித்து ஒரு வாரநாளில், நல்ல சேலை கட்டிக்கொண்டு பஸ்ஸில் நின்றார். எங்கே என்றால், கிளினிக்குக்கு என்றார். அரசாங்க ஆஸ்பத்திரியில் கிளினிக். கொஞ்ச நாளாகவே ஆள் இளைத்துப்போயிருந்தார். கடைக்குப் போய் ஒரு மணிநேரம் லீவு கேட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மர வாங்கில் வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்தார். உடம்புக்கு என்ன வருத்தம் என்று கேட்டேன். சொல்லவில்லை. எண் கூப்பிட்டதும் நானும் கூடவே உள்ளே போனேன்.

இளம் டொக்டர். சிங்களத்தில் கேட்டார், அக்கா சிங்களத்திலேயே பதில் சொன்னார். வலிப்பு வருகிறது என்றார். எப்படி வரும் என்று கேட்டார் டொக்டர். அக்கா நிதானமாகச் சொல்லத் தொடங்கினார். முதலில் ஒரு இடத்தையே முறைத்துப் பார்க்கும், பிறகு இடது பக்கம் சரிந்து விழும், கைகால் சைக்கிள் மிதிக்கிற மாதிரி அடித்துக்கொள்ளும், நுரை வரும். முடிந்த பிறகு யாரையும் அடையாளம் தெரியாது. சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கத் தோன்றும்.

சுவர் என்றதும் எனக்கு விளங்கிவிட்டது.

"அதுக்கப்புறம் ரொம்பப் பசிக்கும்" என்றார் அக்கா.

"பசியா?" டொக்டர் பேனாவை நிறுத்தினார்.

"ஆமாங்க. கிடைக்கிறதெல்லாம் சாப்பிடணும்போல."

டொக்டர் என்னைப் பார்த்தார். வலிப்பு வருகிறவருக்குத் தனக்கு வந்தது தெரியாது, பக்கத்தில் இருந்தவர்தான் சொல்லவேண்டும், நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டார். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. சொல்லு என்று கண்ணால்கூடக் கேட்கவில்லை. மடியில் இருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பார்த்திருக்கிறேன்" என்றேன். "அவர் சொல்வது அத்தனையும் உண்மை."

டொக்டர் எழுதினார். அக்கறையான பிள்ளை அவர். அடுப்புப் பக்கம் தனியாகப் போகவேண்டாம், ஆற்றில் குளிக்கவேண்டாம், உயரத்தில் ஏறவேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில், "கைக்குழந்தைகளைத் தூக்கவேண்டாம். வீட்டில் குழந்தை இருக்கிறதா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றார் அக்கா.

வெளியே வந்து மருந்து கொடுக்கிற ஜன்னலில் மாத்திரை வாங்கினார். ஒரு சதம் செலவில்லை. ஆஸ்பத்திரி வாசல் தாண்டியதும் நான் சிரித்துவிட்டேன். அக்காவும் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "பாத்திரத்தோட தின்னுருவேன்னு சொல்ல வந்தேன், நாக்கக் கடிச்சுக்கிட்டேன்" என்றார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

சுமாராக ஒரு வருடம் நன்றாகப் போனது. மாதம் ஒருதடவை கிளினிக். பிரவுணிக்கு வலிப்பு வரவே இல்லை. கிளினிக் டொக்டர், மருந்து உங்களுக்கு நன்றாகப் பிடித்திருக்கிறது என்று அக்காவைப் பாராட்டினாராம். அக்கா மத்தியானம் சாப்பிடத் தொடங்கினார்.

பிறகு எங்கள் லயத்து மனுசி ஒருத்தி தன் சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்கப் போனபோது, வலிப்பு வரிசையில் அக்கா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம் பீலிக்கரையில் தண்ணீருக்கு நின்ற எல்லாருக்கும் தெரிந்துபோனது. அடுத்த நாள் காலை ஒரு தாய் பிள்ளைக்காம்பரா வாசல் வரை வந்து, பிள்ளையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றார். என்னம்மா என்று அக்கா கை நீட்டினார். "இல்லக்கா, இவனுக்குக் கொஞ்சம் காய்ச்சலா இருக்கு" என்று திரும்பிப் போனார். மறுநாள் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல். ஒரு வாரத்தில் தொட்டில்களில் பாதி காலி.

ஒப்பீசுக்குக் கூப்பிட்டார்கள். உங்களுக்கு வலிப்பு வருத்தம் இருக்கிறதா, ஆஸ்பத்திரியில் மருந்து எடுக்கிறீர்களா என்று கேட்டார்கள். மருந்து எடுப்பது உண்மைதான் என்றார் அக்கா. அவ்வளவுதான். கைப்பிள்ளைகளை நம்பி விடமுடியாது என்று வேலையிலிருந்து எடுத்தார்கள். உருண்டு விழுந்தால் யார் பதில் சொல்வது என்று மலையில் கொழுந்துக்கும் அனுப்பவில்லை. மெசின் இருக்கிறதே என்று தேயிலை பெக்டரிக்குள்ளும் விடவில்லை. பெக்டரி முற்றம் கூட்டுகிற வேலை கொடுத்தார்கள், அதுவும் வாரத்தில் சில நாள்தான்.

நான் அவர் வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். "உண்மையச் சொல்லுங்கக்கா! நாயிக்குத்தான் எடுத்தேன்னு சொல்லுங்க."

"சொன்னா பேச்சு ஆஸ்பத்திரிக்குப் போகும். மாத்திரைய நிப்பாட்டுவாங்க. நிப்பாட்டுனா இது செத்துரும்னு டொக்டர் சொன்னாருல்ல?"

பிரவுணி இரண்டு பேருக்கும் நடுவில் படுத்து, பேசுகிறவர் முகத்தை மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அதுக்காக ஒங்க பொழப்பு போகணுமா?"

"போயிருச்சே" என்றார். எழுந்து எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றினார். சீனி இல்லை. நான் கேட்கவுமில்லை.

பக்கத்தில் பிள்ளைக்காம்பராவிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டால் அவர் கை செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிடும். புதிதாகப் போட்ட பெண் வந்து தூக்கி, அழுகை நிற்கும்வரை அக்கா அசையாமல் நிற்பார். முற்றம் கூட்டும்போதும் அப்படித்தான், விளக்குமாற்றோடு நிற்பார். தாய்மார் அவரைக் கடந்து போகும்போது பிள்ளையை மறுபக்கத் தோளுக்கு மாற்றிக்கொள்வார்கள். வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகச் செய்யும்.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் ஒரு கிளினிக் நாள். மத்தியான இடைவேளையில் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்து ஜன்னலுக்கு முன்னால் ஒரே சத்தம். வலிப்பு மாத்திரை வரவில்லையாம். அடுத்த வாரமும் நிச்சயமில்லை, வெளியே வாங்கிக்கொள்ளுங்கள் என்று துண்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு டவுன் பார்மசிகளிலும் அது இல்லை என்று திரும்பி வந்தவர்கள் சொன்னார்கள்.

வாங்கில் ஒரு பெண், ஏழெட்டு வயது மகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லுணுகலைப் பக்கத்துத் தோட்டம். மாத்திரை நேற்றே முடிந்துபோயிருக்கிறது. பிள்ளைக்கு அங்கேயே, எங்கள் கண்ணுக்கு முன்னால் வலிப்பு வந்தது. தாய் அதன் வாயில் கரண்டிக்காம்பு திணிக்கப் போக, அக்கா பாய்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளையைப் பக்கவாட்டில் சரித்து, தலைக்குக் கீழே தன் கையை வைத்தார். தாதி ஓடிவந்து பார்த்தார். அடங்கிய பிறகு பிள்ளை தாயைத் தெரியாமல் பார்த்தது.

"இன்னும் வருமே, வீட்டுக்குப் போனா இன்னும் வருமே" என்று அந்தப் பெண் யாரைப் பார்த்தும் அல்லாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. எங்களிடம் இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அக்காவின் பையில் மிச்ச மாத்திரை இருந்தது. ஒரு நாள் பிந்தினாலும் விட்டுப்போகக்கூடாது என்று எப்போதும் கொஞ்சம் சேர்த்து வைத்திருப்பார். அவர் அந்தப் பிள்ளையைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு உறையை எடுத்துத் தாதியிடம் காட்டி, இதுவா இந்தப் பிள்ளைக்கும் என்று சிங்களத்தில் கேட்டார். அதுதான், ஆனால் உங்களுக்கு வேண்டுமே என்றார் தாதி.

"எனக்கு வேணாம்" என்றார் அக்கா. உறையோடு அந்தத் தாயின் மடியில் வைத்துவிட்டு எழுந்து நடந்தார்.

நான் பின்னால் ஓடினேன். "எல்லாத்தையுமா குடுத்தீங்க? ரெண்டு மூணாவது எடுத்திருக்கலாமே!"

"அது அந்தப் புள்ளயோடதுதாம்மா" என்றார். "இத்தன நாளும் பிரவுணி அந்தப் புள்ளயோடதத்தான் தின்னுச்சு."

மிருக டொக்டரின் போத்தலுக்கு முற்றம் கூட்டுகிற காசு எட்டாது. மூன்றாம் நாள் விடிந்த பிறகு பிரவுணிக்கு ஆரம்பித்தது. ஒன்று முடிந்து எழும்பும் முன்னால் அடுத்தது. அக்கா என் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. அம்மா தண்ணீருக்குப் போகும்போது சத்தம் கேட்டுப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். நான் ஆட்டோ பிடித்து வந்தேன். வழி முழுக்க அது எங்கள் மடியில் அடித்துக்கொண்டே வந்தது. அக்கா அதன் தலையை நெஞ்சோடு பிடித்திருந்தார். அவர் சேலை நுரையில் நனைந்துபோனது.

மிருக டொக்டர் ஊசி போட்டார். திரும்பவும் போட்டார். நாய் அடங்கியது, ஆனால் கண் திறக்கவில்லை. இத்தனை காலமும் மருந்தெடுக்க ஏன் வரவில்லை என்று கேட்டார். நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். கிளினிக், மாத்திரை, வேலை போனது, அந்தப் பிள்ளை, எல்லாவற்றையும். டொக்டர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே பிள்ளை. ஆக்களுக்குக் குடுக்கிற மாத்திரைக்கு நான் துண்டு எழுதித் தந்திருப்பன். பார்மசியில கொஞ்சக் காசுதான். ஒரு சொல்லு."

"நீங்களும் கேக்கலையே ஐயா" என்றேன். எனக்கு எப்படி அந்தத் தைரியம் வந்ததோ. "வெல கட்டுப்படியாகுமான்னு நீங்க ஒருக்காவும் கேக்கலையே."

டொக்டர் அக்காவின் காலில் இருந்த செருப்பைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். அக்காதான் பேசினார்.

"ஐயா, இது பொழைக்குமா?"

"இல்லை பிள்ளை."

"அப்ப நோகாமப் போறதுக்கு ஒரு ஊசி போட்டுருங்க ஐயா. தயவுசெஞ்சு."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. டொக்டர் எழுந்தார். ஊசி ஏறும்போது அக்கா வழக்கம்போல நாயின் தலைக்கும் சுவருக்கும் நடுவில் கையை வைத்திருந்தார். டொக்டர் காசு வாங்கவில்லை. அக்கா மேசையில் வைத்த நோட்டுகளை நான்தான் எடுத்து அவர் பையில் திரும்பப் போட்டேன்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. நாயைப் புதைத்த மறுநாள் அக்கா தானாகவே ஒப்பீசுக்குப் போனார். எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை, நாய்க்காகத்தான் எடுத்தேன் என்றார். புதிதாக எதுவும் கேட்கவில்லை, எனக்குத் தெரிந்த வேலையைத்தான் கேட்கிறேன் என்றார். ஆஸ்பத்திரி டொக்டரிடம் கடிதம் வாங்கி வா என்று அனுப்பினார்கள். கிளினிக்கில் இப்போது வேறு டொக்டர். அவர் பழைய பதிவைப் பார்த்துவிட்டு, இப்படிச் சொல்லி மருந்தை விட்டவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன், நின்றது மருந்தால்தான், தொடர்ந்து எடுங்கள் என்று மறுபடி எழுதிக் கொடுத்தார்.

கடைசியில் அக்கா லயத்தில் இறங்கினார். கூரைக்காக ஒப்பீஸ் போகாதவர், உப்புக்காக சுவரைத் தட்டாதவர், ஒவ்வொரு வாசலிலும் போய் நின்றார். "எனக்கு வலிப்பு இல்லம்மா. நாயிக்குத்தான் இருந்துச்சு. ஒங்க புள்ளய எங்கிட்ட விடுங்க." தாய்மார் அவரை உட்காரச் சொன்னார்கள், தேத்தண்ணீர் கொடுத்தார்கள், ஒருத்தரும் மோசமாகப் பேசவில்லை. அவர் போன பிறகு பீலிக்கரையில் பேசிக்கொண்டார்கள். "நாயிக்கு இருந்தது உண்மதான், நாமளே பாத்தோமே. கூடவே படுத்துக் கெடந்துச்சு. அதுக்கிட்டருந்துதான் இதுக்கு ஒட்டிக்கிச்சு."

நான் அங்கேயே நின்று சண்டை போட்டேன். படித்த பிள்ளை, உனக்கென்ன, உனக்கா கைப்பிள்ளை இருக்கிறது என்றார்கள்.

அக்கா ஒரு மாதம்போல இருந்தார். பிறகு ஒருநாள் காலை அவர் காம்பராக் கதவு பூட்டியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் போவதும் அவருக்கு ஏதோ கேட்பதுபோல இருந்திருக்கலாம்.

சில வருடம் கழித்து, எனக்குக் கல்யாணமாகி மகள் பிறந்த பிறகு, மொனராகலை பஸ் ஸ்டாண்டில் அவரைக் கண்டேன். வெயிலில் கறுத்து, தலை பாதி நரைத்திருந்தது. கரும்புத் தோட்டத்துப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமைக்கிறாராம். இங்கே யாருக்கும் தன்னைத் தெரியாது என்றார், அது ஒரு சௌகரியம் என்பதுபோல.

"அப்ப புள்ளைங்க பாக்குற வேல ஏதாவது கெடைக்குமேக்கா?"

"வேணாம்மா" என்றார். "எவளாவது நம்ம பக்கத்து ஆளு வந்துட்டா."

என் மகள் தோளில் நெளிந்து, அவர் பக்கம் கை நீட்டியது. அக்கா அதைப் பார்த்துச் சிரித்தார். இரண்டு கையையும் சேலைக்குள் வைத்திருந்தார்.

"இவள கொஞ்சம் வச்சிருங்கக்கா. பஸ் எப்பன்னு கேட்டுட்டு வாறேன்."

"எங்கிட்டயா?"

ஸ்டாண்டைச் சுற்றி ஒருதடவை பார்த்தார். பிறகு கைகள் வெளியே வந்தன. மகளை நான் கொடுத்தேனா, அவர் எடுத்தாரா தெரியாது. ஒரு நொடியில் பிள்ளை அவர் இடுப்பில் இருந்தது. அவர் உடம்பு தானாக ஆடத் தொடங்கியது.

பஸ் எப்போது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நேரம் கேட்கிற ஜன்னலுக்குப் போய், வரிசையில் கடைசி ஆளாக நின்றுகொண்டேன்.